காய் வெட்டும் பலகைக்கு ஒரு விசாரணைக் கமிஷன்

முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஹெப்சிபாவிடம் டாக்டர் ஒன்றே ஒன்றைத்தான் கண்டிப்பாகச் சொன்னார். இனிமேல் தரையில் உட்காரக் கூடாது. அவருக்கென்ன, சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு வருடமாக அருவாமனைக்கு முன்னால் காலை மடக்கி உட்கார்ந்து காய் நறுக்கியவளுக்கு, அது சமையலறையை விட்டே வெளியே போ என்பது மாதிரிதான் கேட்டது. மேசையில் வைத்து வெட்ட ஒரு பலகை இருந்தால் போதும், மறுபடி உள்ளே வந்துவிடலாம். அந்தப் பலகையை வாங்கும் பொறுப்பை அவள் கணவர் தனிஸ்லாஸ் ஏற்றுக்கொண்டார்.

தனிஸ்லாஸ் ஞானஒளிபுரத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பள்ளிக்கூடத்திலிருந்துதான் ஓய்வு, தலைமையிலிருந்து அல்ல. வீட்டில் பல்பு மாற்றினாலும் முன்னுரையோடுதான் ஏணியில் ஏறுவார். பலகை என்றதும் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, கோடு போட்டு, 'பொருள், குணம், ஐயம்' என்று மூன்று பத்தி பிரித்தார். முதல் இரண்டு பத்திகளில் பெரிதாக எதுவும் எழுதவில்லை. ஐயம் மட்டும் அடுத்தடுத்த பக்கங்களுக்கு வழிந்தது.

முதலில் வந்தது மூங்கில் பலகை. சென்னையில் இருக்கும் மகன் ஜோ ஆன்லைனில் அனுப்பியது. தனிஸ்லாஸ் அதை மூக்கருகே வைத்து இரண்டு நிமிடம் மோந்தார்.

"பசை போட்டு ஒட்டியிருக்கான். எந்த நாட்டுப் பசையோ. திருப்பி அனுப்பிடு."

அடுத்து, கீழமாசி வீதிப் பாத்திரக்கடையில் பிளாஸ்டிக் பலகை. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பார்க்க ஐஸ்கிரீம் போல இருந்தது. வெட்ட வெட்ட பிளாஸ்டிக்கும் குழம்பில் சேரும் என்றார். கண்ணாடிப் பலகையில் கத்தி மழுங்கும் என்றார். அடியில் இழுப்பறை, பக்கத்தில் வடிகட்டி, ஓரத்தில் கத்தி தீட்டும் கல் என்று சகல வசதியோடும் ஒன்று இருந்தது. கடைக்காரர் அதைத் திறந்து மூடிக் காட்டியபோது ஹெப்சிபாவுக்குப் பிடித்துப்போனது.

"கரப்பானுக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கான்," என்று தனிஸ்லாஸ் தீர்ப்புச் சொன்னார். "மல்ட்டி பர்ப்பஸ்னு சொன்னாலே ஒரு பர்ப்பஸும் ஒழுங்கா நடக்காது."

இப்படியே இரண்டரை மாதம் போனது.

ஹெப்சிபாவுக்கு முதலில் அலுப்புத்தான் வந்தது. சந்தேகம் பிறகு வந்தது. ஏனென்றால் இந்த மனிதர் ஃப்ரிட்ஜைப் பத்து நிமிடத்தில் வாங்கியவர். அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, காபி ஆறுவதற்குள் சம்மதம் சொன்னவர். மனைவிக்குக் கால் டம்ளர் காபி, மரப்பலகைக்கு இரண்டரை மாதமா?

சமையலறையில் இப்போது இருப்பவள் தனிஸ்லாஸின் அக்கா தங்கம். பத்து நாள் ஒத்தாசைக்கு என்று சோழவந்தானிலிருந்து வந்தவள். காலை நீட்டி, அருவாமனையில் சின்ன வெங்காயத்தைச் சரசரவென்று அரிந்து, அயிரை மீன் குழம்பு வைப்பாள். அந்தக் குழம்பு வைக்கிற நாளில் தனிஸ்லாஸ் இரண்டாம் தடவை சோறு கேட்டார். ஒரு நாள் மூன்றாம் தடவையும் கேட்டார். முப்பத்திரண்டு வருடத்தில் ஹெப்சிபாவின் குழம்புக்கு அவர் ஒரு தடவைகூட இரண்டாம் சோறு கேட்டதில்லை. "போதும், வயசாகுது" என்பார், முப்பது வயதிலேயே.

அவள் கவனிக்க ஆரம்பித்தாள். எந்த நாளில் ஒரு பலகை வேண்டாம் என்று ஆனதோ, அந்த நாளில் மனிதர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"என்னங்க, மதினி எப்ப ஊருக்குப் போறாக?" என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தாள்.

"பலகை வரட்டும். அவசரப்பட்டு உன் ஆரோக்கியத்தோட நான் விளையாட முடியாது," என்றார் தனிஸ்லாஸ். காலை வணக்கக் கூட்டத்தில் பேசுகிற குரல் அது. அந்தக் குரலில் அவர் உண்மை பேசி அவள் கேட்டதில்லை.

கடைசியில் கப்பலூரில் பலகை செய்கிற பட்டறைக்கே நேரில் போய் விசாரிக்கப்போகிறேன் என்று நோட்டோடு கிளம்பினார். சாயங்காலம் வரும்போது கையில் காகிதம் சுற்றிய பலகை இருந்தது. ஹெப்சிபா நம்பவில்லை. காகிதத்தைப் பிரித்த பிறகும் நம்பவில்லை, அவ்வளவு அழகாக இருந்தது. கறுப்பும் சந்தன நிறமுமாக மாறி மாறி வரி, தக்காளிச் சாறு வழியாமல் இருக்க ஓரத்தில் வாய்க்கால், தொங்கவிட ஒரு துளை. ஒரு பக்கம் காய்க்கு, மறு பக்கம் கறிக்கு. விருந்தாளி வந்தால் கேக் வைத்து நீட்டலாம்.

நடுவில் ஒரு வேதவசனம் செதுக்கியிருந்தது.

அவள் திருப்பினாள். பின்பக்கம் இன்னொரு வசனம், கொஞ்சம் நீளமானது.

ஹெப்சிபா உபதேசியார் மகள். வசனம் அச்சடித்த காலண்டர் தாளைக்கூட அவள் வீட்டில் கிழித்துப் போட மாட்டார்கள், மடித்து வேதாகமத்துக்குள் வைப்பார்கள்.

"இது மேல கத்தி வைக்கச் சொல்றீங்களா?"

"அட, அத நான் யோசிக்கலையே," என்றார் தனிஸ்லாஸ். "சரி, ஷோகேஸ்ல வைப்போம். வெட்டுறதுக்கு வேற பாப்போம். பொறுமையா."

நாற்பது பக்க நோட்டு முழுக்க யோசித்தவர் இதை மட்டும் யோசிக்கவில்லையாம். சுற்றியிருந்த காகிதத்தில் பட்டறையின் போன் நம்பர் இருந்தது. மறுநாள் அவர் மார்க்கெட்டுக்குப் போனதும் ஹெப்சிபா கூப்பிட்டாள். பட்டறைக்காரர் முத்துப்பாண்டி எடுத்தார்.

"வாத்தியார் சார் வீடுங்களா? நல்லா ஞாபகம் இருக்கும்மா. ரெண்டு மணி நேரம் மரத்தைப் பத்தி எனக்கே பாடம் நடத்துனாரு. தேக்கு எது, ரப்பர் மரம் எதுன்னு தெரியலைன்னாலும் நடத்துனாரு."

"வசனம் நீங்களாப் போட்டதா, தம்பி?"

"நான் எதுக்கும்மா போடப் போறேன். சார்தான் கேட்டாரு. ஒரு பக்கம் போட்டுக் குடுத்தேன். அந்தப் பக்கமும் போடுன்னாரு. வெட்டுறதுக்கு ஒரு பக்கமாச்சும் விடுங்க சார்னேன். இல்ல, ரெண்டு பக்கமும் வேணும், ஆழமாப் போடுன்னாரு. தேய்ச்சாலும் போகக் கூடாதுன்னாரு."

போனை வைத்துவிட்டு ஹெப்சிபா சமையலறைக்குப் போனாள். தங்கம் புடலங்காய் அரிந்துகொண்டிருந்தாள். இத்தனை நாளாக இந்த அம்மாளும் கூட்டு என்று நினைத்திருந்ததால், குரலில் சூடு இருந்தது.

"மதினி, ஒன்னு கேக்கேன். ஊருக்குப் போகணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

தங்கம் அருவாமனையை மடக்கினாள். "இத நான் உன்கிட்டக் கேக்கணும்னு ரெண்டு மாசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன், ஆத்தா. சோத்துக்கு வந்தவ மாதிரி ஆகிருமேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அங்க கொடிக்கால்ல வெத்தலை கிள்ளுறவன் எம்புட்டுக் கிள்ளுறான், எம்புட்டு மடியில கட்டிட்டுப் போறான்னு ஒன்னும் தெரியல. தம்பிகிட்டக் கேட்டா, ஹெப்சிபாதான் எந்தப் பலகையைக் காட்டினாலும் வேணாங்கிறா, அவளுக்கு நீங்க இருந்தாத் தேவலைங்கிறான்."

"நான் வேணாங்கிறேனா?"

"நீ உக்காந்து திங்கணும்னுதான் வேணாங்கிறேன்னு நான் நெனச்சேன். ஒளிக்காமச் சொல்லிட்டேன், கோவிச்சுக்காத."

ஹெப்சிபா போனில் கேட்டதைச் சொன்னாள். தங்கம் சிரிக்கவில்லை. புடலங்காயை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள்.

தனிஸ்லாஸ் அயிரை மீனும் இரண்டு கிலோ சின்ன வெங்காயமுமாகத் திரும்பியபோது, இரண்டு பெண்களும் சாப்பாட்டு மேசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தரையில் அருவாமனை, பக்கத்தில் முறம்.

"என்னக்கா, இன்னும் உலை வைக்கலையா?"

"எனக்கு நாளைக்கு ஊருப்பா. ஹெப்சிபா கீழ உக்காரக் கூடாது. ஷோகேஸ்ல இருக்கதுல வெட்டக் கூடாது. மிச்சம் இருக்கது நீதான்," என்றாள் தங்கம். "பலகை கெடைக்கிற வரைக்கும் நீ உக்காரு. பொறுமையாவே தேடு."

"இது சம்பந்தமா ஒரு விளக்கம்..." என்று தனிஸ்லாஸ் தொடங்கினார்.

"முத்துப்பாண்டி விளக்கிட்டாரு," என்றாள் ஹெப்சிபா. "ஆழமாவே."

இருபது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தையே எழுந்து நிற்கவைத்தவர் உட்கார்ந்தார். உட்காரவே நாலு நிமிடம் ஆனது. ஏழாவது வெங்காயத்தில் கண்ணாடியைக் கழற்றினார். பதினோராவதில் கட்டைவிரலில் கீறிக்கொண்டார். நாற்காலிகளிலிருந்து யாரும் எழுந்து வரவில்லை.

"பாத்துப்பா," என்றாள் அக்கா. "குழம்புல சேந்துரப் போகுது."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கப்பலூர் போய், பத்தரைக்குள் வெறும் பலகையோடு திரும்பினார். வரியில்லை, வாய்க்கால் இல்லை, வசனமும் இல்லை. நோட்டை எடுத்துப்போகவில்லை. தங்கம் அதைத் தட்டிப் பார்த்து "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு சோழவந்தான் பஸ் ஏறப் போனாள்.

ஹெப்சிபா மேசையில் பலகையை வைத்தாள். கத்திக்குப் பழக அரை மணி நேரமானது. வெங்காயம் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழுந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் கைக் குழம்பு அடுப்பில் கொதித்தது.

மதியம் தனிஸ்லாஸ் கட்டைவிரலில் பிளாஸ்திரியோடு சாப்பிட உட்கார்ந்தார். முதல் வாயிலேயே "பிரமாதம்" என்றார். இரண்டாம் தடவை சோறு கேட்டார். மூன்றாம் தடவை தானே போட்டுக்கொண்டு, இப்படி ஒரு குழம்பை வாழ்நாளில் சாப்பிட்டதில்லை என்றார்.

ஹெப்சிபா அகப்பையில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்புப் போட மறந்திருந்தாள்.