அழிந்துபோன நாற்பத்து மூன்று பெயர்கள்

சுதர்சினிக்கும் ஜனார்த்தனனுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. பல்லேகலையில் இருந்த தேயிலைப் பொதியிடும் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் வேலை அத்தனைக்கும் அவள் பொறுப்பு. கண்டி நகரத்துத் தலைமை அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்தவர் அவர். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த இவள் அவர் வேலையில் பிழை சொல்வது அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் குரலைக் கேட்டாலே இவளுக்கு எரிச்சல் வந்தது.

ஊழியர்களின் பெயர், கடவுச்சொல், யாருடைய கார்ட்டுக்கு எந்தக் கதவு திறக்கும் என்ற விபரம் எல்லாம் டிரெக்டரி சேர்வர் என்ற கம்ப்யூட்டரில் இருந்தன. கண்டியில் ஒரு சேர்வர், பல்லேகலையில் அதன் பிரதியாக இன்னொன்று. ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் தானாக மாறிவிடும். நடுவில் இணைப்பு அறுந்தால், நடந்த மாற்றங்களைச் சேர்வர் குறித்து வைத்திருந்து பிறகு அனுப்பும். எத்தனை நாள் குறித்து வைப்பது என்பதை ஜனார்த்தனன்தான் தீர்மானித்தார். ஏழு நாள் என்று போட்டிருந்தார். முப்பதாக மாற்றச் சொல்லிச் சுதர்சினி இரண்டு தடவை எழுதினாள். பதிலே வரவில்லை.

ஒக்டோபர் மழையில் தென்னக்கும்புரப் பக்கம் மண்மேடு சரிந்து இரண்டு சேர்வரையும் இணைத்த கேபிள் அறுந்தது. பதினோரு நாள் இணைப்பில்லை. அந்த நாட்களில் பல்லேகலைக்குப் புதிதாக நாற்பத்து மூன்று பேர் வேலைக்கு வந்தார்கள். சுதர்சினி ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் படம் எடுத்து, விபரம் பதிந்து, கார்ட் கொடுத்தாள். கேபிள் சரியானபோது ஏழு நாள் கணக்கு தாண்டி, குறித்து வைத்ததில் பழையவை போய்விட்டன. இனி இரண்டு சேர்வரும் தாமாக ஒத்துப்போக வழியில்லை. ஒன்றை முழுதாக அழித்து, மற்றதைப் பார்த்து நிரப்பவேண்டும்.

கண்டியில் அந்த நாட்களில் மாறியது சொற்பம், அதனால் அதை அழித்துப் பல்லேகலையிலிருந்து நிரப்பலாம் என்று அவள் போனில் சொன்னாள். தலைமை அலுவலகத்தின் பிரதிதான் சரியான பிரதி என்றார் அவர். அப்படியென்றால் அதை எழுத்தில் தரும்படி கேட்டாள். எழுத்து வரவில்லை. அன்று பின்னேரம் அவரே அலுவலக வான் வண்டியில் வந்து இறங்கினார்.

அவளை எழும்பச் சொல்லிவிட்டு அவளுடைய கதிரையில் உட்கார்ந்தார்.

“நாற்பத்து மூன்று பேர் இதுல மட்டும்தான் இருக்காங்க, சேர்,” என்றாள்.

“நீர் எனக்குப் படிப்பிக்க வேண்டாம்.”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நிமிடத்தில் பல்லேகலைப் பிரதி அழிந்து, கண்டியின் பழைய விபரம் வந்து உட்கார்ந்தது. ஆனால் அவர் வான் கேட்டுக்குள் நுழைவதைக் கண்டபோதே சுதர்சினி அந்த நாற்பத்து மூன்று பதிவுகளையும் தனியாகப் பிரதி எடுத்து வைத்துவிட்டாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் கார்ட்டுகள் வேலை செய்யவில்லை. பெயர் இல்லாதவர்களை உள்ளே விட செக்கியூரிட்டிக்கு அனுமதி இல்லை. நாற்பத்து மூன்று பேரும் கேட்டுக்கு வெளியே மழையில் நின்றார்கள். சுதர்சினி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிரதியைத் திரும்ப ஏற்றப் பத்து நிமிடம் போதும். அவள் ஏற்றவில்லை. அவர் வந்து வாய் திறக்கட்டும் என்று இருந்தாள்.

எட்டு மணிக்கு ஜனார்த்தனன் வந்தார். தொழிற்சாலை மனேஜர் நஸீம் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கார்ட்டை மட்டும் கொடுத்துவிட்டு இவள் விபரம் எதையும் பதியவில்லை, பதிந்திருந்தால் கண்டியிலும் இருந்திருக்கும் என்று ஜனார்த்தனன் நிதானமாக விளக்கினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சுதர்சினி முழுதும் பேசவிட்டாள். பிறகு லெப்டொப்பைத் திருப்பி மேசையில் வைத்தாள். நாற்பத்து மூன்று பெயர், படம், பதிந்த திகதி, நேரம், அவர் பதில் போடாத இரண்டு கடிதங்கள்.

ஜனார்த்தனனின் காது சிவந்தது. நஸீம் கடைசிப் பெயர் வரைக்கும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இது எப்பயிலிருந்து உங்கட கையில ஈக்கிது?”

“நேத்து பின்னேரத்துல இருந்து.”

“அப்ப கேட்டுக்கு வெளிய அந்த மனுசர் ரெண்டு மணித்தியாலமா எதுக்கு நனையிறாங்க?”

சுதர்சினி லெப்டொப்பை மூடி எடுத்தாள். ஜனார்த்தனன் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவரை அங்கேயே அறையவேண்டும் போலிருந்தது. எழுந்துபோய்ப் பத்து நிமிடத்தில் எல்லாப் பெயரையும் ஏற்றினாள். கேட் திறந்தது.

ஈரத்தோடு உள்ளே வந்தவர்களில் கஜலட்சுமி என்று ஒருத்தி இருந்தாள். வத்தேகமவிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வருகிறவள். செக்கியூரிட்டிக்காரர் வாயால் அதற்குள் விஷயம் பரவியிருந்தது.

“மிஸ்கிட்டயே இருந்துச்சாமே,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே நடந்து போய்விட்டாள்.

அடுத்த கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, ஜனார்த்தனன் இனிப் பல்லேகலைச் சேர்வரில் கைவைக்கக்கூடாது என்றது. மற்றது, ஊழியர் விபரங்களை அனுமதியின்றிப் பிரதி எடுத்ததற்குச் சுதர்சினியிடம் விளக்கம் கேட்டது. முறைப்பாடு செய்தவர் யார் என்று அதில் இல்லை, தேவையும் இல்லை. அவள் விளக்கத்தை எழுத உட்கார்ந்தாள். ஜனார்த்தனனைப் பற்றி எழுத மூன்று பக்கம் போனது. அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.