நிறைந்த பாபின்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன வாரம் துணி மடித்துக்கொண்டே, பால் விலையைச் சொல்வதுபோல அம்மா சொன்னாள்: "அன்னிக்கு என் பேரைச் சொன்னது உங்க சித்திதான்." எனக்குக் கை நின்றுவிட்டது. அம்மாவுக்கு நிற்கவில்லை.

சித்தி என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவள் இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஐந்தாம் வகுப்போடு சேர்ந்தே நின்றவள். தையல் கம்பெனியில் இருவருக்கும் ஒரே மெஷின். காலையில் அம்மா, மதியத்துக்கு மேல் சித்தி. என்னை வளர்த்ததும் ஷிப்ட் முறையில்தான். காலையில் எழுப்பித் தலை பின்னிப் பள்ளியில் விட்டது சித்தி. பட்டம் வாங்க என்னை மேடைக்குக் கூப்பிட்டபோது இரண்டு அம்மாக்கள் எழுந்து நின்றார்கள்.

2

தொடக்கம் ஒன்று: துரோகத்துக்கு ஒரு முகம் உண்டென்றால் அது —

வேண்டாம். நாடகத்தனம்.

தொடக்கம் இரண்டு: நான் பள்ளியில் படித்த காலம். கம்பெனியில் வேலை நேரத்தில் கழிப்பறையைப் பூட்டி வைத்தார்கள். அம்மா தன் பேரைச் சொல்லாமல் முதலாளிக்கு போன் போட்டுப் புகார் சொன்னாள். அது சித்திக்கு மட்டும் தெரியும். சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டு மிரட்டினான். அம்மா பேரைச் சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு வேலை போனது. பெரிய ஆர்டர் வந்து, ஆள் பற்றாமல் திரும்பக் கூப்பிடும்வரை எங்கள் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை.

(சித்திக்கு என்ன கஷ்டமோ என்று அரைப்பக்கம் எழுதி, அடித்துவிட்டேன். அவளுக்குச் சாக்குத் தேடித் தருவது என் வேலை இல்லை.)

3

"அப்புறமும் அவகிட்ட ஏம்மா பேசினே?"

"எங்க பேசினேன்? மூஞ்சியத் திருப்பிக்கிட்டுதான் திரிஞ்சேன். திரும்ப வேலைக்குப் போன அன்னிக்கு மெஷினைத் திறந்தேன். பாபின் நிறைய நூல் இருந்துச்சு."

(பாபின், ஊசிக்கு அடியில் இருக்கும் சின்ன நூல் உருளை. எத்தனை பீஸ் தைத்தோமோ அத்தனைக்குத்தான் கூலி. நூல் சுற்ற நின்றால் கூலி குறையும். அடுத்து வருகிறவளுக்காக யாரும் சுற்றி வைப்பதில்லை. இவர்கள் இருவரைத் தவிர.)

"ஒரு பாபினுக்காக மன்னிச்சிட்டியா?"

"யாருடி மன்னிச்சா? நானும் அவளுக்குச் சுத்தி வச்சிட்டு வந்தேன். அவ்வளவுதான். வேலை இல்லாதப்ப உனக்கு நான்தான் தலை பின்னினேன். தினமும் கோணல். தினமும் அழுதே. யாரால முடியும்?"

4

முடிவு அ: சித்தியை வாசலோடு திருப்பி அனுப்புகிறேன். எழுதும்போது கை ஜோராக ஓடியது. படித்தால் பட்டம் வாங்கிய திமிர்தான் தெரிகிறது.

முடிவு ஆ: மூன்று பேரும் கட்டிப்பிடித்து அழுகிறோம். தூ.

முடிவு இ எழுதுவதற்குள் சித்தி நிஜமாகவே வந்துவிட்டாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. பின்னால் நின்று, பழக்கதோஷத்தில், என் முடியை மூன்றாகப் பிரிக்கிறாள்.

"என்னடி எழுதறே? கதையா? நான் வர்றேனா?"

"வர்றே."

"நல்லவளாவா?"

சமையலறையில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது.

"படிச்சுக் காட்டுடி" என்கிறாள் சித்தி.

இரண்டாம் பகுதியைத் தாண்டிவிடலாம். தாண்டினால் அது பொய். தாண்டாவிட்டால் இந்தக் கை என் தலையில் இருக்குமா? பின்னல் பாதியில் இருக்கிறது. திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவும் முடியாது.

ஒரு வரியும் விடாமல் படிக்கத் தொடங்குகிறேன்: "இந்தக் கதை கோபத்தில் பிறந்தது..."

மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சித்தி அழட்டும், சண்டைக்கு வரட்டும், வாயே திறக்காமல் போகட்டும். பின்னலை மட்டும் பாதியில் விடவைக்காதீர்கள்.