அடுத்த நிறுத்தத்தில் இறங்கவும்

என் தம்பிக்கு வீட்டில் மந்திரி என்று பெயர். அறிவு வளர்ச்சிக் குறைபாடு பிறவியிலேயே உண்டு. ஆணையிடுவதில் மட்டும் ஒரு குறையும் கிடையாது. செருப்பைக் கோணலாகக் கழற்றிப் போட்டால்கூட விசாரணை வைப்பான்.

அவன் போகும் பகல்நேர மையம், ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் துண்டு மடிக்கும் வேலை வாங்கிக் கொடுத்திருந்தது. பஸ்ஸில் தனியாகப் போய்வர வேண்டும், அவ்வளவுதான். மணிக்கூண்டு தெரிந்தால் எழ வேண்டும், அடுத்தது ஹோட்டல் நிறுத்தம் என்று மையத்து டீச்சர் கூடவே போய்ப் போய்ப் பழக்கியிருந்தார். இன்று முதல்முறையாகத் தனியே. டீச்சர் ஹோட்டல் நிறுத்தத்தில் காத்திருப்பார்.

"இன்னைக்குத் தடுமாறினான்னா வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

வீட்டார் யாரும் பின்னாலேயே வரக்கூடாது என்பது டீச்சரின் கண்டிப்பு. "நான் ஏன் போறேன்?" என்றாள் அம்மா. "நான் மட்டும் போவேனா?" என்றேன் நான்.

பின்வாசல் வழியாக பஸ்ஸில் ஏறினால், கடைசி இருக்கையில் என் மழைக்கோட்டு உட்கார்ந்திருக்கிறது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். கோட்டுக்குள் அம்மா வேர்த்து விறுவிறுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கடி இங்க?"

"என் கோட்டைத் தேடி வந்தேன்."

மணிக்கூண்டு தெரிந்ததும் முன் இருக்கையிலிருந்து மந்திரி எழுந்தான். பொத்தானை அழுத்தினான். கம்பியைப் பிடித்துக்கொண்டான். எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் பாவி திரும்பிப் பார்த்தான். நாங்கள் சட்டென்று குனிந்ததில் தலையோடு தலை முட்டிக்கொண்டது. நிமிர்ந்தபோது பஸ் நகர்ந்துவிட்டது. அவன் கீழே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போச்சு! பஸ்ஸைத் துரத்திக்கிட்டு ஓடி வரப்போறான்" என்று அம்மா தலையில் கைவைத்தாள்.

என் கைபேசி அடித்தது.

"அக்கா, மணிக்கூண்டு வந்தா எழுந்திரிக்கணும். உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா? சரி, பயப்படாதீங்க. அடுத்த ஸ்டாப்ல இறங்குங்க. இறங்கின எடத்துலயே நில்லுங்க. தெரியாதவங்க கூப்பிட்டா போகாதீங்க. நான் வரேன்."

இறங்கி, சொன்ன இடத்திலேயே நின்றோம். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினான்.

"டீச்சர் எங்கடா?"

"அங்கயே நிக்கச் சொல்லிருக்கேன். அவங்க சொன்ன பேச்சு கேப்பாங்க."

அம்மா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. மந்திரி அவள் கழற்றிய கோட்டை வாங்கி, துண்டு மாதிரி நாலாக மடித்துக் கொடுத்தான்.

"நாளைக்கு வராதம்மா. உன்னையே தேடிட்டிருந்தா நான் எப்ப துண்டு மடிக்கிறது?"

சாலையைக் கடந்து எதிர்ப்பக்க நிறுத்தத்துக்குப் போனோம். திரும்பிப் போகும் பஸ் வந்தது. அவன் ஏறினான். பழக்கதோஷத்தில் நானும் படியில் காலை வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுடி. அவன் போய்க்குவான்."