முட்டிக்கு அடியில் ஒரு தலையணை

முழங்கால் தேய்ந்தவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. படுத்தால் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்வார்கள். அப்போதைக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மடங்கியே கிடந்தால் பின்தொடைத் தசை சுருங்கி இறுகிவிடும். பிறகு எழுந்து நின்றாலும் கால் நீளாது. வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிற நான், இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனவள்.

அன்று புதிதாகப் போன வீட்டில் வயதான ஓர் அம்மா சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். படுக்கச் சொன்னேன். அவர் சாய்ந்ததும், அடுத்த அறையிலிருந்து அவருடைய கணவர் தலையணையோடு வந்து, காலைப் பூப்போலத் தூக்கி அடியில் வைத்துவிட்டுப் போனார்.

"அவருக்கு எல்லாம் மறந்துபோச்சும்மா. பொண்ணு பேருகூட ஞாபகமில்ல. இது ஒண்ணுதான் மறக்கல."

"இதுதாம்மா உங்க காலைக் கெடுக்குது," என்றேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

மகள் கறாராகச் சொல்லிவிட்டாளாம். மூன்று மாதத்துக்குள் அம்மா நடமாடி அப்பாவைப் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால், அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவாள். வேலைக்கு ஓடுகிறவள், அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

"அங்க போனா அவரு ஒரு வாரம் தாங்க மாட்டாரு. எப்படியாவது நிமித்தி விட்டுடும்மா."

உள்ளங்காலில் துண்டை மாட்டி, முட்டி மடங்காமல் காலை மேலே இழுத்துப் பிடிக்க வைத்தேன். பிறகு குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துணி. முட்டி தானாகக் கீழே இறங்க வேண்டும். வலியில் போர்வை நுனியைக் கடித்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் தலையணை வந்தது. முதலில் நான்தான் பிடுங்கிப் போட்டேன். பிறகு அந்த அம்மாவே, "வேண்டாங்க, எடுத்துட்டுப் போங்க," என்று சொல்லப் பழகினார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கிழவர் அடி வாங்கிய குழந்தை மாதிரி விழிப்பார். ஆனாலும் நான் விடவில்லை.

கால் நீண்டது. தவணை முடிந்து வந்த மகள், அம்மா சுவரைப் பிடிக்காமல் வாசல்வரை நடப்பதைப் பார்த்துவிட்டு, இல்லத்துப் பேச்சையே விட்டுவிட்டாள்.

கடைசி நாள் போனபோது, கதவைத் திறந்தவர் நேராக நின்றார். அவருக்குப் பின்னால் கணவர் தலையணையை அணைத்தபடி அறை அறையாக நுழைந்து, ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து இப்படித்தான்," என்றார் அந்த அம்மா.

கணவர் எங்களிடம் வந்தார். என்னை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்து, வேற்று மனுஷியிடம் பேசும் மரியாதையோடு கேட்டார்.

"ஏம்மா, என் வீட்டுக்காரியப் பாத்தீங்களா? முட்டி வலி. எழுந்து நடக்க முடியாது, பாவம். எங்க போயிருப்பா?"

அந்த அம்மா அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"வந்துடுவாங்க. நீங்க உக்காருங்க," என்றார்.