பச்சையாகவே நின்ற செடி

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பெரியவளுக்கு அந்த இரண்டு மாதமும் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் ஒரே நினைப்புதான். அப்பாவின் அறை ஜன்னலோரம் இருக்கிற செடியை அட்டைப்பெட்டியால் கவிழ்த்து மூடவேண்டும். காலை டிரிப் முடிந்து வந்துதான் எடுக்கவேண்டும். குளிர்காலத்தில் உச்சி இலையெல்லாம் குங்குமமாய்ச் சிவக்கிற சாதி அது. ஆனால் தினமும் பதினான்கு மணி நேரம் கும்மிருட்டு வேண்டும். நடுவில் விளக்கு வெளிச்சம் பட்டால் போச்சு, சிவக்காது. அவ்வளவு வீம்பு!

அம்மா வளர்த்த செடி. அவள் இருந்தவரை விளக்கில்லாத பின்பக்கத்து அறையில் கிடந்து தானாகச் சிவந்தது. அவள் போனதும் அப்பா தன் அறைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். மகள்கள் இருவரும் அதற்காகத்தான் முட்டிக்கொண்டார்கள். "உன் கையில பிளாஸ்டிக் பூகூட வாடிப்போகும்டி" என்று பெரியவள் ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள். ஒரு கிளையை வெட்டிக்கொண்டு போன சின்னவள் ஆறு வருஷமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. வருஷா வருஷம் குளிர்கால விடுமுறைக்கு ஒரு போட்டோ மட்டும் வரும், செக்கச்செவேலென்று ஒரு செடி. பெரியவளுடையதோ ஆறு வருஷமும் பச்சைப்பசேல். இருட்டு விஷயமே இந்த வருஷம் நர்சரிக்காரர் சொல்லித்தான் தெரியும்.

இப்போது சின்னவள் நாளைக்கு வருகிறாள். செடியோ இன்னும் பச்சை. ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்துவிடாதா என்று பெரியவளுக்கு ஒரு நப்பாசை.

மற்ற நாளென்றால் செடியை மூடிவிட்டு, விளையாடி முடிக்கிற பிள்ளைகளை வீட்டில் விட பஸ்ஸை எடுத்துக்கொண்டு போவாள். திரும்ப எட்டாகும். அன்றைக்கு விடுமுறை தொடங்கியிருந்தது, பஸ் ஷெட்டில். அன்றும் செடியை மூடிவிட்டு, நடந்தே கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு ஆறு மணிக்கெல்லாம் திரும்பினாள்.

அப்பாவின் கதவிடுக்கில் வெளிச்சம்.

கதவைத் தள்ளினாள். அப்பாவின் மடியில் அட்டைப்பெட்டி. மேசை விளக்கைச் செடியின் முகத்துக்கு நேராக வளைத்துவைத்து, அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா!"

பெட்டி உருண்டது. "பஸ் சத்தமே கேக்கலையேம்மா" என்றார் அவர்.

"தினமும் எடுக்கறீங்களா?"

"நீ பஸ்ஸ நிறுத்துற சத்தம் கேக்குற வரைக்கும்தான். சத்தம் கேட்டதும் மூடிடுவேன்." குற்றவாளி மாதிரி விழித்தார். "உங்கம்மாவுக்கு இருட்டுன்னா ஆகாது. நாப்பது வருஷம் விளக்கு போட்டுட்டே தூங்கினவ. அவ செடியப் போயி பொட்டிக்குள்ள அடைச்சா எனக்கு மனசு கேக்கல."

பெரியவள் பால் பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதம்!

மறுநாள் காலை சின்னவள் தன் சூட்கேஸை வாசலிலேயே போட்டுவிட்டு நேராகச் செடியிடம் போனாள். இப்போது ஒரு குத்தல் விழும் என்று பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சின்னவள் ஒரு இலையைத் தொட்டாள். தோள் குலுங்கியது.

"என்னடி?"

"எவ்வளவு தழைச்சிருக்குக்கா. என்னுது முதல் குளிருக்கே செத்துப்போச்சு."

"அப்ப அந்த போட்டோ?"

"வருஷா வருஷம் கடையில புதுசா வாங்கினது. லீவு முடிஞ்சதும் அதுவும் செத்துடும்."

எந்தச் செடியோடு பெரியவள் இத்தனை வருஷம் மல்லுக்கு நின்றாள்? "ஆறு செடியாடி கொன்னே?"

"அம்மாவோடதையும் சேர்த்தா ஏழு."

"அடிப்பாவி!"

முதலில் சிரித்தது அப்பாதான். பெரியவள் சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துவந்து ஒரு கொழுந்துக் கிளையை நறுக்கினாள். வெள்ளையாகப் பால் வடிந்தது. "கையில பட்டா அரிக்கும், பாத்துப் பிடி. இதையும் கொன்னுட்டு போட்டோ அனுப்பினே, உன்னைத் தொலைச்சுடுவேன்."

"நம்பலன்னா நீயே வந்து பாத்துக்கோ."

"வர்றேன்டி. வராம?"

அன்றைக்கு ஐந்து மணி அடித்தது. அப்பா ஓரக்கண்ணால் அட்டைப்பெட்டியைப் பார்த்தார். பெரியவள் அதைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பிறகு போய் மேசை விளக்கைத் தானே போட்டாள்.