பென் டிரைவில் இருந்த பாட்டு

அக்காவின் கம்ப்யூட்டர் அன்று காலை கண் திறக்கவில்லை. சுவிட்சைப் போட்டால் உள்ளே விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. அந்த மாதிரி வரிகளைப் படிப்பதுதான் அக்காவுக்குப் பிழைப்பு. வாஷிங் மெஷின், மிக்சி, இஸ்திரிப் பெட்டி என்று எது விற்றாலும் கூடவே ஒரு கையேடு வரும் அல்லவா, அதைத் தமிழாக்குகிறவள் அவள். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்று அவள் எழுதிய வரி, எத்தனையோ வீடுகளில் பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது.

"ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லையாம்," என்றாள்.

அவள் கணவர், அதாவது அத்தான், மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "நேத்து வரைக்கும் இருந்துச்சே. எங்க போயிடும்?"

அத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம்கூட அவ்வளவு பொறுமையாகப் பேசுவார். அந்தப் பொறுமை மொத்தமும் வெளியிலேயே செலவாகிவிடுவதால் வீட்டுக்கு மிச்சம் வருவதில்லை. கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ரெண்டு தட்டு தட்டினார். அது கேட்கவில்லை.

"தட்டாதீங்க! சாயங்காலத்துக்குள்ள வாஷிங் மெஷினை அனுப்பணும்," என்றாள் அக்கா. முடித்தவரைக்கும் கம்பெனியின் சர்வரில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைத் திறந்து மீதியை எழுத அவளுடைய கம்ப்யூட்டர் எழுந்தாக வேண்டும்.

அப்போதுதான் தம்பி வந்தான். அக்காவின் சொந்தத் தம்பி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். நாள் முழுக்க ஒரு கம்ப்யூட்டர் முன்னால் நிற்பதால், உலகத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரின் குடலும் ஈரலும் தனக்கு அத்துப்படி என்பது அவன் எண்ணம். கறுப்புத் திரையைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"முறிவு இல்ல," என்றான். "உள்ள இருக்கற சிஸ்டம் செத்துப்போச்சு. புதுசா போட்டா எழுந்துரும். ஒரு பென் டிரைவ் வேணும். இன்னொரு கம்ப்யூட்டர்ல வச்சு, சிஸ்டத்தை அதுக்குள்ள ஏத்திக் கொண்டு வரணும். இது அந்தப் பென் டிரைவைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கும். அவ்வளவுதான் அக்கா, அரை மணி நேர வேலை."

"ஸ்கூல் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இருக்கு," என்றார் அத்தான்.

"பென் டிரைவ்?"

அத்தான் ஜன்னலைப் பார்த்தார். "கடையில வாங்கிக்கலாமே."

"உங்க சாவிக்கொத்துலயே ஒண்ணு தொங்குதே," என்றாள் அக்கா.

"அதுல… ரோடு சிக்னல் பாடமெல்லாம் இருக்கு."

"அதை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எடுத்து வச்சிட்டாப் போச்சு. வாங்க அத்தான்," என்று தம்பி அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனான்.

டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ் என்பது ஒரே அறை. ஒரு பக்கம் கம்ப்யூட்டர், மறுபக்கம் ஒரு நீள பெஞ்ச். பெஞ்சில் வகுப்புக்கு வந்த மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் பேக்கரிக்காரம்மா. கேக்கில் ரோஜாப்பூ வரைகிற கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் நடுங்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர்.

தம்பி பென் டிரைவைச் சொருகினான். "பாருங்க, இந்தப் புரோகிராம் இதுல இருக்கற எல்லாத்தையும் துடைச்சிட்டுத்தான் சிஸ்டத்தை எழுதும். அதனால முதல்ல காப்பி எடுத்துக்கறேன்."

"எல்லாத்தையுமா?"

"துளி மிச்சமில்லாம."

அத்தான் பெஞ்சை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சரி, எடு. ஆனா எதையும் திறக்காத மாப்ளே. அப்படியே மூடின மாதிரியே எடுத்து வை."

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? 'பிரேக் பாடங்கள்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. தம்பி அதைக் கிளிக் செய்தான். ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்தது. முந்தின நாள் ஹாரன் வகைகளைப் பற்றிப் பாடம் நடந்திருந்தது.

முதலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் தொண்டையைச் செருமுகிற சத்தம். அப்புறம் அத்தானின் குரல், உருகி உருகி:

"நீ திரும்பும் திசையெல்லாம் நிலவு திரும்புதே…
இண்டிகேட்டர் போடாமல் என் மனசு திரும்புதே…"

பெஞ்சில் மூன்று பேரும் அசையவில்லை. தம்பியும் அசையவில்லை. அத்தான்தான் பாய்ந்து வந்து எல்லாப் பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்தினார். பாட்டு நிற்பதற்குப் பதிலாக அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அது "கியரே கியரே" என்று தொடங்கியது. கடைசியில் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு, சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"சார்," என்றார் பேக்கரிக்காரம்மா மெதுவாக, "நீங்களே எழுதினதா?"

"வகுப்பு முடிஞ்சு கார் சும்மா நிக்கும்போது…" என்றார் அத்தான். "கண்ணாடியை ஏத்திவிட்டா எக்கோ நல்லா வரும்."

"யாரை நினைச்சு சார்?"

அத்தான் பிடுங்கிய வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

தம்பி எல்லாவற்றையும் காப்பி எடுத்தான். பிறகு பென் டிரைவைத் துடைத்து, சிஸ்டத்தை அதில் ஏற்றினான். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போய் முடியும் வரைக்கும் வாயை இறுக்கி மூடியிருந்தான். அதன் மொத்த வட்டியையும் வீட்டு வாசலிலேயே தீர்த்துவிட்டான்.

"அக்கா! அத்தான் பாட்டு எழுதறார்! காதல் பாட்டு! ஒண்ணு ரெண்டில்ல, ஒரு ஃபோல்டர் நிறைய! 'நீ திரும்பும் திசையெல்லாம்'னு ஒண்ணு, கியரைப் பத்திகூட ஒண்ணு!"

அக்கா கணவரைப் பார்த்தாள். "யாருக்கு?"

"முதல்ல கம்ப்யூட்டரைப் பார்ப்போம்," என்றார் அத்தான்.

தம்பி பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் சொருகினான். செட்டிங்கில் புகுந்து, எப்போது எழுந்தாலும் முதலில் பென் டிரைவைத்தான் பார்க்க வேண்டும் என்று கறாராக உத்தரவு போட்டான். திரையில் வரவேற்பு வந்தது. மொழி கேட்டது, சொன்னான். பழையதை அழிக்கவா என்றது, அக்காவைக் கேட்டுவிட்டு அழித்தான். கோடு ஓடியது. நூறு வந்ததும் கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்தது.

மறுபடியும் வரவேற்பு. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"இப்பத்தானே சொன்னோம்?" என்றார் அத்தான்.

"சில நேரம் உறுதிப்படுத்திக்க ரெண்டு தடவை கேக்கும்," என்றான் தம்பி.

ரெண்டாவது முறையும் முழுசாக ஓடியது. அணைந்தது. எழுந்தது. எந்த மொழி வேண்டும்?

"மாப்ளே, இது என் ஸ்டூடண்ட் மாதிரியே இருக்கு. ரவுண்டானாவுக்குள்ள போனா வெளிய வரத் தெரியல."

"நீங்க பக்கத்துல நின்னு மூச்சு விடறதுதான் தொந்தரவு."

"நான் மூச்சு விடாம இருக்கணுமா?"

"எக்ஸ்ரேயில அப்படித்தான் சொல்லுவோம்!"

மூன்றாவது முறையும் கோடு ஓடி, முடிகிற இடத்துக்கு வந்தது. அக்கா குறுக்கே புகுந்தாள். "அது இருக்கட்டும். யாருக்குப் பாட்டு?"

அத்தான் தம்பியைப் பார்த்தார். தம்பி கோட்டைப் பார்த்தான். நல்ல வேளையாக அத்தானின் போன் அடித்தது. பேக்கரிக்காரம்மா. போன் என்ன காரணமோ ஸ்பீக்கரில் இருந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க போனதும் உங்க ஸ்கூல்ல சொல்லித்தர்ற அந்தப் பெரியவர் காரை எடுத்துட்டு வந்தார். நான் ரிவர்ஸ் எடுத்தேன். மனசுக்குள்ள உங்க பாட்டையே பாடிக்கிட்டு எடுத்தேன். கண்ணை மூடவே இல்ல சார்! எங்கயும் இடிக்கல! அந்தப் பாட்டை எனக்குக் கொஞ்சம் அனுப்ப முடியுமா?"

அத்தானின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. "இதோ! இப்பவே போய் அனுப்பறேன்!" என்றார். ஆபீஸ் சாவி பென் டிரைவோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் எதையும் யோசிக்கவில்லை. கொத்தோடு பிடுங்கினார்.

"ஐயோ! பிடுங்கிட்டீங்களே!" தம்பி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். "எல்லாம் போச்சு!"

ஆனால் அவர் பிடுங்கிய நேரம், கம்ப்யூட்டர் நூறைத் தொட்டு அணைந்திருந்த நேரம். அது எழுந்தது. வழக்கம்போலப் பென் டிரைவைத் தேடியது. காணோம். வேறு வழியில்லாமல் தனக்குள்ளேயே பார்த்தது. உள்ளே புத்தம்புதுசாக ஒரு சிஸ்டம் உட்கார்ந்திருந்தது. நீலத் திரை மலர்ந்து, 'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்டது.

மூன்று பேரும் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்கள்.

"முதல் தடவையே போட்டு முடிச்சிருக்கு," என்றாள் அக்கா நிதானமாக. "நாமதான் பென் டிரைவை எடுக்காம, திரும்பத் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்க வச்சிருக்கோம்."

"அதான் நானும் சொல்ல வந்தேன்," என்றான் தம்பி.

"எப்ப வந்த?" என்றார் அத்தான்.

அக்கா தன் பெயரை அடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆனால் வேலையைத் தொடங்கவில்லை. "ஏங்க, கடைசியாக் கேக்கறேன்."

அத்தான் சாவிக்கொத்தைக் கையில் உருட்டினார். "உனக்குத்தான்."

"எனக்கா? 'நீ திரும்பும் திசையெல்லாம்'னு இவன் சொன்னானே. நான் எங்கங்க திரும்பறேன்? காலையில உட்கார்ந்தா ராத்திரி வரைக்கும் இந்தத் திரையைத்தானே பார்த்துட்டிருக்கேன்."

"அதான்," என்றார் அத்தான். "திரும்பினா எப்படி இருக்கும்னு நினைச்சு எழுதினது."

தம்பிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போனான். தண்ணீர் இருந்தது சமையலறையில்.

அக்கா நாற்காலியோடு திரும்பினாள். சுழல் நாற்காலி, அதனால் கொஞ்சம் அதிகமாகவே திரும்பிவிட்டது. காலை ஊன்றி நிறுத்தினாள். அத்தானைப் பார்த்தாள். அவருக்குக் காது சிவந்திருந்தது.

"எத்தனை பாட்டு?"

"நிறைய."

"கியரைப் பத்தி ஒண்ணு இருக்காமே?"

"அது சும்மா பழகறதுக்கு எழுதினது."

வாஷிங் மெஷின் கையேடு சாயங்காலத்துக்குள் போகவில்லை, இருட்டிய பிறகுதான் போனது. கம்பெனியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் அங்கிருந்து ஒரு போன் வந்தது. எட்டாம் பக்கத்தில், துணியைச் சுழற்றி உலர்த்துகிற இடத்தில், 'டிரம் திரும்பும் திசையெல்லாம்' என்று ஒரு வரி வந்திருக்கிறதாம். இலக்கணம் சரிதான், ஆனால் படித்துப் பார்த்தவருக்கு மனசு என்னவோ செய்கிறதாம். அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டார்கள்.

"விட்டுடுங்க," என்றாள் அக்கா.