வெளுத்துப்போன ஆண் மீன்கள்

கழிவுநீர் நிலையத்தின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்து ஆற்றில் விடுகிற அதே தண்ணீரில்தான் இந்த மீன்கள் நீந்துகின்றன என்று வருவோர் போவோரிடமெல்லாம் மேலாளர் மார்தட்டுவார். குட்டி போட்டுத் தொட்டி நிறைந்துவிடக் கூடாதென்று எல்லாம் ஆண் கப்பி மீன்கள். ஆணுக்குத்தான் வாலில் வண்ணமும் இருக்கும்.

அந்த வண்ணம்தான் நிலைப்பதில்லை. சில வாரங்களில் பழந்துணி மாதிரி வெளுத்துவிடும். அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் உடனே புது மீன்கள் வந்திறங்கும்.

நிலையத்து ஆய்வகத்தில் வேலை பார்ப்பவளுக்குக் காரணம் தெரியும். செத்த மீனொன்றை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். ஆண் மீனின் விதைப்பைக்குள் முட்டை! கருத்தடை மாத்திரை, மருந்து என்று ஊரே கழித்துவிடுகிற பெண் ஹார்மோன் அத்தனையும் சாக்கடையோடு வருகிறது. தண்ணீரை வடிகட்டும் முதல் சவ்வு அழுக்கைப் பிடிக்கும். ஹார்மோனோ எலி வளைக்குள் எறும்பு போல அதில் புகுந்து போய்விடும். அதைத் தடுக்கவென்றே இன்னும் நெருக்கமான சவ்வுகள் பக்கத்து அறையில் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குத் தண்ணீரைத் தள்ளும் மோட்டார் மின்சாரத்தை விழுங்குகிறதென்று மேலாளர் அறையையே பூட்டிவிட்டார். அநியாயம் என்றால் அப்படியொரு அநியாயம்.

மேலாளர் அவளுக்குச் சித்தப்பா. வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. "இங்க நான் சார்தான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவளும் மறுபேச்சுப் பேசியதில்லை. ஆனால் நேற்று, தன் மகள் மாசமாக இருப்பதாக அவர் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தபோது அவள் தன் பங்கை மேசையிலேயே வைத்துவிட்டாள். அந்தத் தங்கை வாழப்போன ஊரின் குழாயில் வருவது இந்த ஆற்றுத் தண்ணீர்தான்.

இன்று அதிகாரி வருகிறாரென்று வந்திறங்கிய புது மீன்களை வாசலோடு திருப்பியனுப்பிவிட்டாள்.

"பைத்தியமா உனக்கு? அவங்க கார் உள்ள வந்தாச்சு!" மேலாளர் பல்லைக் கடித்தார். "தொட்டியைத் தூக்கு."

"தூக்க மாட்டேன் சார்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

தொட்டிக்கு முன்னால் நின்றவள் அசையவில்லை.

உள்ளே வந்த பெண் அதிகாரி குனிந்து பார்த்தார். "எல்லாம் பொட்டை மீனா? நிறமே இல்லையே!"

"இது வேற ரகம்மா" என்று மேலாளர் முந்திக்கொண்டார்.

"இல்லைங்கம்மா, எல்லாமே ஆண். நாங்க ஆத்துல விடற தண்ணிதான் இப்படி ஆக்கிடுச்சு."

அதிகாரி நிமிர்ந்தார். "இந்தத் தண்ணி எங்கெல்லாம் போகுது?"

அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை.

"உங்க பொண்ணு வீட்டுக்கும் போகுது, சித்தப்பா."

மேலாளர் மீன்களைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டு, பூட்டிய அறையின் சாவியை மெல்ல எடுத்தார். அவர் நீட்டும் வரை அவள் காத்திருக்கவில்லை. பிடுங்கிக்கொண்டு நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தரை அதிர மோட்டார் ஓடத் தொடங்கியது.